கசிவு காணப்பட்டது

தளம் போடுவதற்கு முன்னால் குழாய் பதிக்க வேண்டும். இது கொத்தனார் வீட்டுப் பூனைக்கும் தெரியும். தளத்தைப் போட்டு முடித்துவிட்டு அப்புறம் குழாய்க்கு இடம் தேடுகிறவனை ஊர் முட்டாள் என்று சொல்லும். தளமே போடவிடாமல், பதித்த குழாயைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருப்பவர்களை என்னவென்று சொல்வது? ஊர் அவர்களுக்குத் தளத்தடிக் குழாய்ச் சோதனை அலுவலகம் என்று பெயர் வைத்து, மாடி மேல் மாடியாகக் கட்டடமும் கட்டிக் கொடுத்திருக்கிறது.

அந்தக் கட்டடத்துக்குள் டிரைவர் நுழையக் காரணம் அவருடைய அப்பாவின் முழங்கால்.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர். அப்பா அதே பஸ்களில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருந்தது மாடியில், வாடகைக்கு. கழிவறை கீழே முற்றத்தில், வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அப்பாவின் முழங்கால் தேய்ந்த பிறகு அந்தப் படிகள் அவருக்கு மலையாகிவிட்டன. போக வேண்டுமென்றால் பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார். மகனோ மருமகளோ ஓடி வந்து தாங்கிக்கொண்டு இறங்குவார்கள். கீழே போய்ச் சேர்ந்ததும், "வண்டி நிக்குது, இறங்குறவங்க இறங்கலாம்" என்பார். கூச்சத்தை அவர் அப்படித்தான் மறைத்தார். மருமகளுக்கும் அது தெரியும். அதனால் தினமும் புதிதாகக் கேட்பதுபோலவே சிரிப்பாள்.

ஆகவே டிரைவர் கட்ட ஆரம்பித்தது ஊரார் மூக்கில் விரல் வைக்கும் மாளிகை அல்ல. தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு. அப்பாவின் கட்டிலிலிருந்து கை நீட்டினால் கழிவறைக் கதவு. அவ்வளவுதான் அந்த வீட்டின் மொத்த அழகும்.

குழாய் வேலைக்கு வந்தவருக்கு எல்போ என்று பட்டப்பெயர். குழாய் வளையும் இடத்தில் மாட்டுகிற முழங்கைத் துண்டுக்கு எல்போ என்று பேர். எந்தச் சிக்கலைச் சொன்னாலும் அவர், "ஒரு எல்போ போட்டா சரியாயிடும்ணே" என்பார். வாய் காதுவரை நீளம். வேலைக்கு வருகிற நேரம் அவருக்கே தெரியாது. ஆனால் தான் ஒட்டிய குழாய் ஒழுகியது என்று மட்டும் யாராவது சொல்லிவிட்டால் சோறு இறங்காது.

எல்போ பள்ளம் தோண்டி, மணல் பரப்பி, சரிவு பார்த்துக் குழாய்களைப் பதித்தார். வாய்களையெல்லாம் அடைத்தார். ஒரே ஒரு குழாயை மட்டும் இடுப்பு உயரத்துக்கு நிமிர்த்தி நிறுத்தினார். "இதுல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துவோம்ணே. நாளைக்கு வந்து பாப்போம். மட்டம் இறங்கலன்னா அடியில எங்கயும் ஒழுகலன்னு அர்த்தம். அலுவலகத்துல பாத்து ஒரு கையெழுத்துப் போட்டா, மறுநாளே கான்கிரீட்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையைக் கேட்டிருக்கிறோம். குழாய்ப் பள்ளத்திலிருந்து கிளம்பியவை இரண்டு பூதங்கள். ஒருவர் தொடக்க ஆய்வாளர். இன்னொருவர் முடிவு ஆய்வாளர்.

தொடக்க ஆய்வாளர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்ப்பார். முடிவு ஆய்வாளர் ஊற்றிய தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். இரண்டையும் ஒருவரே பார்க்கக் கூடாது. பார்த்தால் தண்ணீரோடு அவருக்கு உறவு ஏற்பட்டுவிடும் என்று விதி அஞ்சியது.

தொடக்க ஆய்வாளர் உற்சாகமானவர். வாழ்க்கையில் ஆரம்பத்தை மட்டுமே பார்த்தவர்களிடம் இருக்கும் மலர்ச்சி அவர் முகத்தில் இருந்தது. சாக்பீஸால் குழாயின் மேல் ஒரு கோடு போட்டார். "அருமையா ஆரம்பிச்சிருக்கீங்க. இனி எல்லாம் நல்லா நடக்கும்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு ஆய்வாளர் மறுநாள் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. வெயில் மட்டும் தவறாமல் வந்தது. கடைசியில் ஆய்வாளர் வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தபோது மட்டம் கோட்டிலிருந்து ஒரு முழம் இறங்கியிருந்தது.

"ஒழுகுது" என்றார்.

"சார், வெயில்ல வத்தியிருக்கு சார்."

"வெயில் எங்க துறை இல்ல."

"அப்ப மேல ஒரு மூடி போட்டு வைக்கலாமா?"

"மூடினா தண்ணி கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத தண்ணியை நான் எப்படிப் பாக்கறது?"

மறுபடி தொடக்கம். மறுபடி சாக்பீஸ், மறுபடி மலர்ச்சி. இந்தத் தடவை டிரைவர் உஷாராக இருந்தார். தினமும் காலையில் வண்டி எடுக்கப் போகும் வழியில் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய், வெயில் குடித்த அளவை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். செடிக்குக்கூட அவர் அப்படி ஊற்றியதில்லை.

முடிவு ஆய்வாளர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு சொட்டுக் குறையலையே?"

"ஆமா சார்!"

"இந்த வெயில்ல?"

டிரைவர் சொம்பை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"இத்தனை நாள் வெயில்ல குறையாம ஒரு தண்ணி நிக்குதுன்னா அது இயற்கைக்கு விரோதம். யாரோ ஊத்தியிருக்காங்க. ஊத்தறாங்கன்னா ஒழுகுது. ஒழுகலன்னா எதுக்கு ஊத்தணும்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்திலிருந்து சத்தமாவது வரும். டிரைவரிடமிருந்து அதுவும் வரவில்லை.

கடைசியில் பெரிய அதிகாரியையே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். அலுவலகத்தில் காத்திருந்த நேரத்தில் கழிவறையைத் தேடினார். அதன் கதவில் பூட்டு தொங்கியது. மேலே 'சோதனையில் உள்ளது' என்ற தகரப் பலகை. பலகையே துருப்பிடித்திருந்தது.

"அவசரம்னா நாங்க எல்லாரும் எதிர்ல பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவோம்" என்றார் குமாஸ்தா.

"நான் அங்கேயிருந்துதான் வரேன்."

"அப்ப வழி தெரிஞ்சிருக்குமே."

பெரிய அதிகாரி டிரைவரின் கதையை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒளி ஏறியது. துறையின் 'தளத்தடிப் பாதுகாப்பு வாரம்' நெருங்கிக்கொண்டிருந்தது. விழா நடத்த ஒரு வீடு வேண்டும். கட்டி முடித்த வீடு எதுவும் துறையின் கைவசம் இல்லை. பள்ளம்தான் இருக்கிறது.

"உங்க வீட்டுலயே வெச்சுக்கலாம்" என்றார். "தொடக்க ஆய்வாளர் முந்தின சாயங்காலம் தண்ணி ஊத்திப் பாப்பார். முடிவு ஆய்வாளர் மறுநாள் காலை மேடையிலேயே பாப்பார். என் முன்னாடியே முடிஞ்சுடும். வீடு யாருக்காகக் கட்டறீங்க?"

"எங்க அப்பாவுக்கு சார்."

"பிரமாதம். அவரையும் மேடையில உக்கார வைங்க. பயனாளின்னு ஒருத்தர் இருந்தாத்தான் விழா நிறையும்."

டிரைவர் வீடுவரை பறந்து போனார். "ஒரு வெயில்கூட நடுவுல கிடையாதுப்பா. சாயங்காலம் ஊத்தி காலையில பாக்கறாங்க!" என்றார். அப்பா விழாவுக்கென்று பழைய காக்கிச் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார். மருமகள் தேய்த்துக் கொடுத்தாள்.

மேடை போட வேறு இடமில்லாததால் பள்ளத்துக்கு மேலேயே பலகைகளை அடுக்கினார்கள். நட்டுவைத்த குழாய் மட்டும் பலகைகளுக்கு நடுவில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பட்டு ரிப்பன். பக்கத்தில் அப்பாவுக்கு நாற்காலி. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் யாரோ ஒரு நல்ல மனிதர் அவருக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்தார். மேடையில் உட்கார்ந்திருக்கிற கூச்சத்தில் அப்பா அதை முழுக்கக் குடித்துவிட்டார்.

டிரைவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மேடையின் மறுகோடியில் ஒரு தட்டில் சாக்பீஸை ஏந்தி நிற்பது. அதிகாரி பேசி முடிக்கும்வரை யாரும் பலகைமேல் நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நடந்தால் பலகை ஆடும். பலகை ஆடினால் குழாய் ஆடும். குழாய் ஆடினால் தண்ணீர் தளும்பும்.

பெரிய அதிகாரி பேசினார்.

"அன்பர்களே, ஒரு காலத்தில் மக்கள் அவரவர் இஷ்டத்துக்குக் குழாய் போட்டுத் தளம் போட்டு வீடு கட்டிக் குடிபோனார்கள். அந்த இருண்ட காலத்தை நினைத்தாலே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. இன்று நிலைமை என்ன? நம் துறை பொறுப்பேற்ற பிறகு தளத்துக்கு அடியில் குழாய் ஒழுகியதாக ஒரே ஒரு புகார் உண்டா? இல்லை! ஏன் இல்லை? தளம் இருந்தால்தானே அதற்கு அடியில் ஒழுகுவதற்கு!"

கைதட்டல். அந்தச் சத்தத்துக்கு நடுவில் டிரைவருக்கு மட்டும் ஒரு விசில் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். அப்பா விசிலை வாயில் வைத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. அப்பா இன்னொரு முறை ஊதினார். கூட்டம் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு விசிலடித்தது. பெரிய அதிகாரி அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். "பயனாளியின் மகிழ்ச்சியைப் பாருங்கள்!" என்றார். பேச்சு மேலும் சூடுபிடித்தது.

டிரைவர் ஒரு அடி எடுத்து வைத்தார். பலகை கிறீச்சிட்டது. முடிவு ஆய்வாளர் கீழேயிருந்து விரலை உயர்த்தி, "அசையாதீங்க! தண்ணி!" என்று பல்லைக் கடித்தார்.

டிரைவர் நின்றார். இதுதான் அவர் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்ட இடம். ஒரு வாளித் தண்ணீர் தளும்பிவிடுமே என்று நின்றார். இத்தனை பாடும் அந்த ஒரு கையெழுத்துக்குத்தானே, அந்தக் கையெழுத்தும் அப்பாவுக்குத்தானே என்று நின்றார். அப்பா கண்டக்டர் வேலையில் நாள் முழுக்க அடக்கிப் பழகியவர், இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிவிடுவார் என்று நின்றார்.

அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மடியில் விழாத் துண்டுப்பிரசுரத்தை விரித்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 'தளத்தடிப் பாதுகாப்பே தலைமுறைப் பாதுகாப்பு' என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

பேச்சு முடிந்தது. முடிவு ஆய்வாளர் மேடையேறி ரிப்பனை விலக்கிக் குழாய்க்குள் பார்த்தார். தண்ணீர் கோட்டில் அப்படியே நின்றது. "மட்டம் சரி" என்றார். எல்போ கீழே நின்று துள்ளிக் குதித்தார். ஆய்வாளர் மேடையிலிருந்து இறங்கி, டார்ச் விளக்கோடு பலகைக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வந்தபோது விரல் நுனியில் ஈர மண் இருந்தது.

"கசிவு காணப்பட்டது."

"மட்டம்தான் சரியா இருக்கே சார்!" என்று எல்போ பாய்ந்தார். "என் குழாயா ஒழுகுது? இத்தனை வருஷத்துல என் குழாய் ஒழுகினதில்ல சார்!"

"மட்டமும் சரியா இருக்கு. மண்ணும் ஈரமா இருக்கு. ரெண்டுல எது மோசமோ அதைத்தான் எழுதணும்."

பெரிய அதிகாரி டிரைவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இந்த ஈரம் எங்கேயிருந்து வந்துச்சு?"

டிரைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. தேய்த்துப் போட்ட காக்கிச் சட்டையின் காலர் இன்னும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"குழாய்தான் சார்" என்றார் டிரைவர். "ஒழுகுது."

எல்போ வாயைத் திறந்தார். டிரைவர் பார்த்த இடத்தைத் தானும் பார்த்தார். நாற்காலி, துண்டுப்பிரசுரம், அதன்மேல் இரண்டு கைகள். அந்த நீள வாய் மெல்ல மூடிக்கொண்டது. "ஆமா சார்" என்றார். "ஒரு எல்போல ஒட்டு சரியா விழல. என் தப்புதான்."

கூட்டம் கைதட்டியது. சோதனை என்பது எவ்வளவு அவசியம் என்று இதைவிட யாரும் நிரூபிக்க முடியாது என்று பெரிய அதிகாரி சொன்னார். குழாயைத் தோண்டி எடுக்க உத்தரவாயிற்று. எல்போ இனி எந்த வீட்டிலும் குழாய் பதிக்கக் கூடாது என்றும் அங்கேயே அறிவித்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பா மகனைக் கூப்பிட்டார். "நீ சொன்னது எனக்காக. சரி. அந்தப் பையன் என்னடா பாவம் பண்ணான்? என் மானத்துக்கு அவன் பொழப்பா?"

"விடுங்கப்பா. வேற வேலை பாத்துக்குவான்."

"என்னைக் கூட்டிட்டுப் போ. நான் சொல்றேன்."

மருமகள் கையைப் பிசைந்தாள். "வேணாம் மாமா. அத்தனை பேர் முன்னாடி..."

"நடந்ததும் அத்தனை பேர் முன்னாடிதானேம்மா."

பெரிய அதிகாரியின் மேஜைக்கு முன்னால் அப்பா கைத்தடியை ஊன்றி நின்றார். குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சத்தமாகவே சொன்னார். "அது குழாய் இல்ல. நான். வயசாயிடுச்சு, தாங்க முடியல. குழாய்க்காரன் மேல தப்பில்ல. குழாய் நல்ல குழாய்."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். எழுந்து நின்றுகூடப் பேசினார். "ஐயா, உங்க நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா என் சங்கடத்தைப் பாருங்க. குழாய்னு உங்க மகன் சொல்லிட்டார். தன் தப்புன்னு குழாய்க்காரர் சொல்லிட்டார். இப்ப நீங்க. ஒரே ஈரத்துக்கு இத்தனை பேர் சொந்தம் கொண்டாடினா அலுவலகம் யாரை நம்பும்? நாங்க ஆளைப் பாத்து எதையும் நம்பறதில்ல. சோதனை பண்ணித்தான் நம்புவோம்."

"என்ன சோதனை?"

அதிகாரி மணியடித்துத் தொடக்க ஆய்வாளரை வரச் சொன்னார்.

தொடக்க ஆய்வாளர் அதே மலர்ச்சியோடு வந்தார். ஒரு கூஜாத் தண்ணீரை அப்பாவின் முன்னால் வைத்தார். "முழுக்கக் குடிங்க ஐயா. அவசரமில்ல" என்றார். டிரைவர், "அப்பா, வாங்க போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்பா கையை உதறினார். கூஜாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஆய்வாளர் நாற்காலியைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "அருமையா ஆரம்பிச்சிருக்கீங்க" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு ஆய்வாளர் வெளி வேலையாகப் போயிருந்தார்.

அப்பா வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். சோதனை முடியாமல் வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் போவதற்கு இடமில்லை. கழிவறைக் கதவில்தான் பூட்டு. குமாஸ்தாக்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வந்தார்கள். போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. சில பேர் வட்டத்தை மிதிக்காமல் மரியாதையாகச் சுற்றிப் போனார்கள்.

"அப்பா," டிரைவர் குனிந்து காதில் சொன்னார், "அடக்காதீங்கப்பா, விட்டுடுங்க. அதுக்குத்தானே வந்தோம். யாரு பாத்தா என்ன?"

அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய உதடு அசைவதைப் பார்த்து டிரைவர் காதை வைத்தார். அப்பா பழைய வழித்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஓடும் வண்டியில் அப்படித்தான் அடக்கினாராம், இறங்க வேண்டிய இடம் வரும்வரை.

அலுவலகம் மூடுகிற நேரத்தில் முடிவு ஆய்வாளர் வந்தார். வட்டத்துக்குள் குனிந்து விரலால் தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்த தரை.

"கசிவு காணப்படவில்லை" என்றார்.

பெரிய அதிகாரி அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பாத்தீங்களா ஐயா? உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அன்னிக்கு ஒழுகினது குழாய்தான்னு இப்ப சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆயிடுச்சு."

பஸ் ஸ்டாண்டுக் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது அப்பா மகனின் தோளைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"நான் கொஞ்சம் விட்டிருந்தா வீடு கிடைச்சிருக்கும்லடா?"

டிரைவர் அப்பாவின் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

"முடியலடா. அத்தனை பேரும் பாக்கறாங்க. நான் விடணும்னுதான் நினைச்சேன். உடம்பு கேக்கல."

குழாயைத் தோண்டி எடுத்தார்கள். புது ஆள் வந்து புதுக் குழாய் பதித்தார். அவர் பதிப்பதை எல்போ தெருவிலிருந்து சற்று நேரம் பார்த்தார். பிறகு போய்விட்டார். தொடக்க ஆய்வாளர் வந்தார். "விளிம்பு வரைக்கும் ஊத்துங்க" என்றார். டிரைவர் வாளி வாளியாக ஊற்றினார். கோடு விழுந்தது. முடிவு ஆய்வாளர் எப்போது வருவார் என்று டிரைவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி படிக்கட்டிலேயே நிறுத்தினாள். "மாமா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. நேத்தும் அப்படித்தான். விசிலே ஊதறதில்ல, கவனிச்சீங்களா? உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. நீங்களாவது சொல்லுங்க."

அப்பாவின் டம்ளர் ஜன்னலில் கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் அதை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி நீட்டினார். அப்பா வாங்கினார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் மகன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இதையும் அந்தக் குழாயிலேயே ஊத்துடா. வெயில் அடிக்குது, குறைஞ்சிடப் போகுது."